டீச்சரிட்ட கேளுங்க: இந்த மாசம் முழுக்க யுகுலேலே

சின்னப் புள்ளயளுக்கு முதல் வாத்தியமா யுகுலேலே (கிற்றார் மாதிரி, நாலு கம்பி வச்ச சின்ன வாத்தியம்) குடுத்துப் பாருங்க எண்டு போன மாசம் இந்தப் பக்கத்தில ஒரு வரிதான் எழுதினன், இந்த மாசம் வந்த கேள்வியள்ல முக்கால்வாசி அதப்பத்தித்தான். அதிலயும் வெளிநாட்டு யுகுலேலே விழா வீடியோவப் பார்த்துட்டுக் கேட்டவங்கதான் கூட. சரி, வேற ஒண்டும் எடுக்கல்ல. பேர் போட வேணாம் எண்டு கனபேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கன்.

கேள்வி: டீச்சர், கனடாவில இருக்கிற மகள் ஒரு வீடியோ அனுப்பினா. ஹோல் நிறைய சனம், எல்லார்ட கையிலயும் யுகுலேலே, ஒராள் முன்னுக்கு நிண்டு விரல் வைக்கிறது எப்பிடி எண்டு சொல்லிக் குடுக்கிறார். அடுத்த வீடியோவில அதே ஆள் ராவையில மேடையில கச்சேரி பண்றார். இது வகுப்பா கச்சேரியா, எனக்கு விளங்கல்ல.
(ஆரையம்பதி, ஒரு அம்மா)

பதில்: ரெண்டும்தான் அம்மா, அதுதான் அந்த விழாவில விசேசம். நம்மட பக்கம் இசை விழா எண்டா மேடை போட்டு, லைட் போட்டு, கலைஞர் பின்னால வேன்ல வந்து இறங்கி, பாடிட்டு, மாலையும் பொன்னாடையும் வாங்கிட்டு அதே வேன்ல போயிருவார், நாம கதிரையில இருந்து கை தட்டுவம், அவ்வளவுதான். யுகுலேலே விழாவில பார்க்க வாற ஆளும் ஒரு வாத்தியத்தோடதான் வருவார். பொதுவா பகல் முழுக்க வகுப்பு, ஒவ்வொண்டும் ஒரு மணித்தியாலம் மட்டில, ஒரே நேரத்தில மூணு நாலு அறையில நடக்கும். ஒரு அறையில இண்டைக்குத்தான் முதல் முதல் கையில எடுத்தவங்க, அடுத்த அறையில விரலால மீட்டிற வித்தை, இன்னொண்டில பாட்டையும் கோர்ட்டையும் (ஒரே நேரத்தில ஒண்டா ஒலிக்கிற சுரக் கூட்டு) ஒண்டா வாசிக்கிறது, எங்கயாவது ஒரு மூலையில பாட்டெழுதிற வகுப்பு. மத்தியானம் யார் வேணுமெண்டாலும் ஏறி ஒரு பாட்டு வாசிக்கலாம் எண்டு மேடையத் திறந்து விடுவாங்க. பின்னேரம் திரையில வரியும் கோர்ட்டும் ஓடும், வந்த சனம் முழுக்கச் சேர்ந்து வாசிக்கும், உங்கட மகள் அனுப்பினது அதுவாவும் இருக்கலாம். ராவைக்குத்தான் கச்சேரி. கச்சேரி பண்ற அதே ஆக்கள்தான் காலையில வகுப்பெடுத்தவங்க.

நான் ஒருக்கா இங்கிலாந்தில தங்கச்சி வீட்ட நிண்ட நேரம் பக்கத்து ஊர்ல நடந்த விழாவொண்டுக்குப் போனன். ராவைக்கு மேடையில நிக்கப்போற மனுசன் காலையில ஒரு வயசாளிட கதிரைக்கு முன்னால முழங்கால்ல நிண்டார். வயசாளிக்கு விரல் மூட்டு வீங்கிப்போய் மோதிர விரல் மடங்கல்ல. அந்த மனுசன் “மோதிர விரல விடுங்க, நடுவிரலால பிடிச்சுப் பாருங்க” எண்டார், அதுவும் சரிவரல்ல, புறகு கட்டைவிரல மேலால சுத்திக் கொண்டந்து இன்னொரு விதமா காட்டினார், அப்பத்தான் சத்தம் தெளிவா வந்திச்சு. அதுவரைக்கும் அறையில இருந்த மத்தவங்க பொறுமையா சி கோர்ட்ட தட்டிக்கொண்டு இருந்தாங்க, ஒராளும் முகம் சுளிக்கல்ல.

கேள்வி: இந்த விழாவ முதல்ல தொடங்கினது யாரு? பெரிய கம்பனி ஏதுமா?
(கல்முனை)

பதில்: இல்லகா. ஹவாயில ரோய் சக்குமா எண்டு ஒராள், பள்ளிக்கூடப் படிப்ப இடையில விட்டவர், ஹொனலூலு நகரசபையில பூங்கா பராமரிக்கிற வேலை செய்தவர். ஓட்டா சான் எண்டு பேர்போன ஹேர்ப் ஓட்டாவிட்ட யுகுலேலே பழகி, புறகு தானும் படிப்பிக்கத் தொடங்கினார். 1971ல வைக்கிக்கி பக்கத்தில கப்பியோலானி பார்க்கில இலவசமா ஒரு விழா நடத்தினார், அதுதான் புறகு வருசா வருசம் நடந்து 2022 வரைக்கும் போச்சு. அவர்ட மாணவர்கள், சின்னப் புள்ளயள், நூத்துக்கணக்கில ஒரே மேடையில ஒண்டா இருந்து வாசிப்பாங்க, அதப் பார்க்கத்தான் பாதிச் சனம் வரும். பெரிய கலைஞர்களும் வந்து வாசிச்சாங்கதான், ஆனா அந்த விழாட முதுகெலும்பு வகுப்புத்தான்.

இப்ப உலகம் முழுக்கப் பேர் தெரிஞ்ச ஆள் எண்டா ஜேக் ஷிமாபுக்குரோ. 1976ல ஹொனலூலுவில பிறந்தவர், நாலு வயசில தாய்தான் முதல் கோர்ட்ட காட்டிக் குடுத்தவ. 2006 மட்டில நியூயோர்க் சென்ரல் பார்க்கில ஒரு பாறைக்கு மேல இருந்து பீற்றில்ஸ் குழு ஜோர்ஜ் ஹரிசன்ட பாட்டொண்ட வாசிச்ச வீடியோ யூடியூப்ல போச்சு, அதுக்குப் புறகுதான் இது விளையாட்டுச் சாமான் இல்ல எண்டு கனபேருக்கு விளங்கினது. கனடாக்காரர் ஜேம்ஸ் ஹில் இன்னொராள், என்னக் கேட்டா படிப்பிக்கிற விசயத்தில அவரத்தான் நான் முன்னுக்கு வைப்பன், அதப் பின்னால சொல்லுறன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் கலியாண வீட்டு பாண்ட் ஒண்டில லீட் கிற்றார் வாசிக்கிறன், பத்து வருசத்துக்கு மேல. யுகுலேலேயும் வாங்கி ஒரு கிழமையில பிடிச்சுட்டன். பக்கத்து வீட்டுப் புள்ளயளுக்குப் படிப்பிக்கச் சொல்றாங்க, மேடை அனுபவம் இருக்கிறதால படிப்பிக்கிறது லேசுதானே?
(வாழைச்சேனை)

பதில்: தம்பி, வாத்தியத்தப் பொறுத்தமட்டில உங்களுக்கு லேசுதான். யுகுலேலேட நாலு கம்பி ஜி, சி, ஈ, ஏ. கிற்றார்ல அஞ்சாம் கட்டத்தில (கழுத்தில குறுக்கால இருக்கிற கம்பிக்கட்டை, ஃபிரெட்) கேப்போ எண்ட கவ்வியப் போட்டு கீழ்ப்பக்கத்து நாலு மெல்லிய கம்பிய மட்டும் வச்சுக்கொண்டா வாற சுருதி அதுதான், ஒரே ஒரு வித்தியாசம், ஜி கம்பி ஒரு ஸ்தாயி மேல நிக்கும். அதால உங்கட கைக்குத் தெரிஞ்ச டி வடிவம் இங்க ஜி ஆகும், ஜி வடிவம் சி ஆகும், இதெல்லாம் நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.

படிப்பிக்கிறதுதான் வேற கதை. மேடையில நல்லா வாசிக்கிற ஆள் வகுப்பில நல்லா இருப்பார் எண்டு ஒரு உத்தரவாதமும் இல்ல, யுகுலேலே விழாவிலயும் அப்பிடி ஆக்கள் வருவாங்க, ஒரு மணித்தியாலத்தில முக்கால் மணித்தியாலம் தன்ட கெட்டித்தனத்தக் காட்டிட்டு கடைசியில தாளக் குடுத்துட்டுப் போற ஆக்கள். அந்த வகுப்புக்கு ரெண்டாம் வருசம் சனம் பேர் பதியாது. விழா நடத்துறவங்களும் அதப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாங்க, அடுத்த வருசம் கூப்பிடறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறதில மேடைய விட வகுப்புக்குத்தான் கூட மதிப்பு.

நல்ல ஆக்கள் என்ன செய்யிறாங்க எண்டு சொல்லுறன், நீங்க நாளைக்கே செஞ்சு பாருங்க. முதல் பத்து நிமிசம் சுருதி சேர்க்கிறதுக்குத்தான் போகும், அத வீண் எண்டு நினைக்காதீங்க, புதுசா போட்ட நைலோன் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒருக்கா சேர்த்தா அஞ்சு நிமிசத்தில இறங்கிரும், அது புள்ளட பிழை இல்ல எண்டு முதல்லயே சொல்லிருங்க. மறுகா ஒரு கோர்ட்ட மட்டும் குடுங்க. சி கோர்ட், ஏ கம்பியில மூணாம் கட்டம், மோதிர விரல். ஒரு விரல்தான். அத வச்சே ஒரு பாட்டப் பாடி முடிக்கலாம், ஒரே கோர்ட்டில போற பாட்டு எத்தனையோ இருக்கு. அடுத்து அந்த விரல எடுத்துட்டு, ஜி கம்பியில ரெண்டாம் கட்டத்தில நடுவிரல், அது ஏ மைனர். அந்த நடுவிரல எடுக்காம அப்பிடியே வச்சுக்கொண்டு, ஈ கம்பியில முதலாம் கட்டத்தில சுட்டுவிரல வச்சா எஃப். பார்த்தீங்களா, ஒண்டில இருந்து ஒண்டுக்கு ஒரு விரலத்தான் கூட்டினது. இத ஜி செவன் கோர்ட்ல இருந்து தொடங்கினா புள்ளைக்கு மூணு விரலும் ஒரேயடியா வைக்க வரும், அழுதுரும்.

இன்னொண்டு, இடக்கைய முழுக்கக் கம்பிக்கு மேல சும்மா படுக்க வச்சு, சத்தம் வராம ஆக்கிட்டு, வலக்கையால தாளத்த மட்டும் அடிக்க விடுங்க, டக்கு டக்கு எண்டு கேக்கும். தாளம் உறுதியானா கோர்ட் பிந்தினாலும் பாட்டு நிக்காது. நம்மட புள்ளயளுக்குத் தாளம் லேசா வரும், கூத்தும் வசந்தன் ஆட்டமும் பார்த்து வளந்த ஊர்ப் புள்ளயள்தானே. ஆனா பயத்தில கோர்ட் மாத்துற இடத்தில வலக்கையையும் நிப்பாட்டிருவாங்க, அதத்தான் முதல்ல உடைக்கணும். கை நிக்கக்கூடாது, கோர்ட் பிழைச்சா பிழைக்கட்டும் எண்டு சொல்லுங்க.

நான் ஜேம்ஸ் ஹில்ல முன்னுக்கு வைப்பன் எண்டனே, காரணம் இதுதான். அவர் வளந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவில லாங்லி எண்ட ஊர்ல, அங்க பள்ளிக்கூடத்திலயே யுகுலேலே படிப்பிப்பாங்க. கனடாவில அந்தப் பழக்கத்தத் தொடக்கி விட்டவர் ஹலிபக்ஸ்ல இருந்த சால்மர்ஸ் டோன் எண்ட சங்கீத வாத்தியார், 1960கள் கடைசியில. புள்ளயளுக்கெண்டு முக்கோண வடிவில ஒரு யுகுலேலேயக்கூட வடிவமைச்சார். அவரும் ஹில்லும் சேர்ந்து புறகு பள்ளிக்கூடத்துக்கெண்டு பாடப்புத்தகமும் போட்டாங்க. ஹில் மேடையில நிண்டு ஒரு யுகுலேலேயில தாளமும் பேஸும் மெலடியும் ஒண்டா வர வைக்கிற மனுசன், அதே ஆள் வகுப்பில ஒரு சுரத்த எப்பிடிச் சுத்தமா எடுக்கிறது எண்டு பொறுமையா நிப்பார். உங்கட பத்து வருச மேடை வீணாப் போகாது தம்பி, ஆனா பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு உங்கட சோலோ தேவையில்ல.

கேள்வி: சுவாமி விபுலானந்தர் யாழ் நூல் தந்த மண்ணில இருந்துகொண்டு அடுத்தவன்ட பொம்மைக் கிற்றார விளம்பரம் பண்றீங்களே, வெக்கமா இல்லையா?
(காரைதீவு, கையெழுத்து இல்ல)

பதில்: சுவாமிட சொந்த ஊர்ல இருந்து வந்த கடிதம், அதால கோவிக்காம எழுதுறன். 1892ல உங்கட ஊர்ல பிறந்த மனுசன், சங்கீத வித்துவானா இல்ல, விஞ்ஞானம் படிச்சவரா இருந்து, அண்ணாமலையிலயும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலயும் முதல் தமிழ்ப் பேராசிரியரா இருந்து, பதினாலு வருசமா மினக்கெட்டு, சிலப்பதிகாரத்தில வாற யாழ்ட நரம்பு எத்தனை, சுருதிக் கணக்கு என்ன எண்டு தேடித் தேடி எழுதினார். நூல் அரங்கேறினது 1947 ஜூன், அடுத்த மாசமே சுவாமி போயிட்டார். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவர் ஏன் அந்தப் பாடு படவேண்டி வந்த? யாழ வாசிக்க ஒராளும் இல்லாமப் போனதால, பாட்டில இருந்தும் கணக்கில இருந்தும்தான் அதத் திருப்பி எடுக்கவேண்டி வந்த. வாசிச்சவன் அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுக்கிற தொடர்பு எப்பவோ அறுந்துபோச்சு. ஹவாய்க்காரன் 1971ல இருந்து அந்தத் தொடர்பு அறாமப் பார்த்துக்கொண்டான், எனக்கு அதுதான் பொறாமை. கல்லடியில சுவாமிட பேர்ல அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்கு, அங்க படிச்சு வெளிக்கிடுற புள்ளயள் எத்தனையோ பேர் வேலையில்லாம வீட்ட இருக்காங்க. வெக்கம் எண்டா அதுக்குத்தான் படணும்.

கேள்வி: எங்கட அப்பாட அப்பா கலியாண வீடுகள்ல வயலின் வாசிச்சவர், கூட கிற்றாரும் ரபான் மேளமும் இருக்கும், கஃப்ரிஞ்ஞா எண்ட ஆட்டம் ஆடுவாங்க. யுகுலேலேயும் போர்த்துக்கேயர் கொண்டு வந்த சாமான் எண்டு பேரன் சொல்றான். எங்கட பறங்கி ஆக்களுக்கும் அதுக்கும் சொந்தம் ஏதும் இருக்கா?
(மட்டக்களப்பு டவுன், ஒரு தாத்தா)

பதில்: தாத்தா, இந்த மாசம் வந்த கேள்வியள்ல எனக்குப் பிடிச்சது இதுதான். பேரன் சொன்னது பாதி சரி. போர்த்துக்கேயர் புளியந்தீவில கோட்டை கட்டினது 1628, பத்து வருசத்தில 1638ல ஒல்லாந்தர் பிடிச்சிட்டான், ஆனா அவங்கட பாசையும் பாட்டும் உங்கட வீடுகள்ல இன்னும் கிடக்கு. யுகுலேலேட கதை அதுக்கு இருநூத்தைம்பது வருசம் பிந்தினது. போர்த்துக்கல்லுக்குச் சொந்தமான மதீரா தீவில வேலையில்லாமக் கஷ்டப்பட்ட சனம், ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாப் போச்சு. ரேவன்ஸ்க்ராக் எண்ட கப்பல் 400க்கு மேல ஆக்களோட நாலு மாசம் ஓடி 1879 ஓகஸ்ட் 23ல ஹொனலூலு வந்து சேர்ந்திச்சு. அதில மனுவேல் நூனெஸ், அவுகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்து சாந்து எண்டு மூணு தச்சு வேலைக்காரர் இருந்தாங்க. தோட்ட வேலை ஒப்பந்தம் முடிஞ்ச கையோட டவுனுக்கு வந்து மரச்சாமான் செய்யத் தொடங்கி, ஊர்ல வாசிச்ச மச்சேட் எண்ட சின்ன நாலு கம்பி வாத்தியத்த ஹவாய் மரமான கோவாவில செஞ்சு வித்தாங்க. சுருதி மட்டும் ரஜாவ் எண்ட இன்னொரு மதீரா வாத்தியத்தில இருந்து எடுத்தது. அரசர் கலாகவுவாவுக்கு அது பிடிச்சுப்போய் அரண்மனை விருந்துகள்ல வாசிக்க வச்சார், அதோட ஹவாய்ச் சனம் அதத் தன்ட சாமானாவே எடுத்துக்கொண்டிச்சு. 1915ல சான் பிரான்சிஸ்கோவில நடந்த பெரிய பொருட்காட்சியில அமெரிக்காக்காரன் கேட்டு மயங்கினான், மறுகாதான் உலகம் முழுக்கப் போன.

அதால உங்கட அப்பப்பாட வயலினுக்கும் இதுக்கும் நேரடிச் சொந்தம் இல்ல, ஒரே ஊர்ல இருந்து வேற வேற காலத்தில கப்பல் ஏறின ஆக்கள். ஆனா கஃப்ரிஞ்ஞாட அந்த ஆறெட்டுத் தாளத்த யுகுலேலேயில அடிச்சா என்ன வடிவா இருக்கும் தெரியுமா. டச் பார் எண்ட கடற்கரைப் பகுதியில சுனாமிக்கு முதல் இருந்த வாசிப்புக்காரர் எத்தனை பேர் இப்ப இல்ல எண்டு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வாய்ப்பாட்டாவது ஞாபகம் வச்சிருந்தா பேரன உக்கார வச்சுப் பாடிக் காட்டுங்க, அவன் போன்ல பதியட்டும். சும்மா நாளைக்கு எண்டு விடாதீங்க.

கேள்வி: மகளுக்கு 8 வயசு. என்ன சைஸ் வாங்கணும்? எங்கட வீடு கடற்கரையில இருந்து 200 மீற்றர்.
(திருக்கோவில்)

பதில்: சொப்ரானோ, கொன்சேர்ட், டெனர், பாரிடோன் எண்டு நாலு சைஸ். மகளுக்குச் சொப்ரானோ காணும், கம்பி நீளம் 13 அங்குலம் மட்டில. நீங்களும் சேர்ந்து பழகப் போறீங்க எண்டா 15 அங்குல கொன்சேர்ட் வாங்குங்க, பெரிய விரலுக்கு இடம் கிடைக்கும். பாரிடோன் வேணாம், அதுட சுருதி வேற. முழு மரத்தில செஞ்ச விலை கூடினதுக்கு ஆசைப்படாதீங்க, நம்மட உப்புக்காத்துக்கும் மாரி ஈரத்துக்கும் பலகை வளையும், ஒட்டுப்பலகையில செஞ்சதுதான் தாங்கும். கடையில பார்க்கைக்குள்ள ரெண்டு விசயம்: சுருதி சேர்க்கிற ஆணி பல்லுச்சக்கரம் வச்சதா இருக்கணும், சும்மா இறுக்கித் திருப்பிறது புள்ளைக்குச் சரிவராது. மற்றது பன்னிரண்டாம் கட்டத்தில கம்பி பலகைல இருந்து ரொம்ப உயரமா நிண்டா வேணாம் எண்டு வச்சிருங்க, புள்ளட விரல் நொந்து ரெண்டு நாள்ல விட்டுரும். வெயில்ல நிக்கிற வேனுக்குள்ள மட்டும் வைக்கவே வைக்காதீங்க, பசை இளகிரும்.

கேள்வி: யுகுலேலேயில நம்மட ராகம் வாசிக்கலாமா? சங்கீத டீச்சர் ஏலா எண்டுட்டா.
(ஏறாவூர், 10ம் ஆண்டு மாணவி)

பதில்: டீச்சர் சொன்னதில நியாயம் இருக்கு புள்ள. கமகத்துக்கு (சுரத்த அசைச்சு எடுக்கிறது) கம்பிய நீளமா வளைக்கணும், நைலோன் கம்பி அவ்வளவுக்கு வளையாது, சத்தமும் கெதியா அடங்கிரும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969 - 2014) சின்ன வாத்தியத்தில முழுக் கர்நாடகக் கச்சேரி பண்ணினார்தான், ஆனா அது மின்சார மாண்டலின், அதுக்கெண்டே மாத்திச் செஞ்சது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போறதெண்டா வயலினோ வீணையோ எடுங்க, யுகுலேலேக்கு அங்க இடமில்ல.

ஆனா ஒரு சந்தோசமான விசயம் சொல்லுறன். சி கம்பிய ஸட்ஜமா வச்சுக்கொள்ளுங்க. அப்ப நாலு திறந்த கம்பியும் ப, ஸ, க, த. அந்தர காந்தாரமும் சதுஸ்ருதி தைவதமும். சி கம்பியில ரெண்டாம் கட்டத்தில விரல் வச்சா சதுஸ்ருதி ரிஷபம். என்ன ராகம் எண்டு பிடிச்சிட்டீங்களா? மோகனம். சி திறந்து ஸ, ரெண்டாம் கட்டம் ரி, ஈ திறந்து க, மேல இருக்கிற ஜி கம்பி திறந்து ப, ஏ திறந்து த, ஏ கம்பியில மூணாம் கட்டம் மேல் ஸ. ஜி கம்பி ஒரு ஸ்தாயி ஏறி நிக்கிறதாலதான் இது சரிவருது, கிற்றார்ல இந்த வசதி இல்ல. ரெண்டே ரெண்டு இடத்தில விரல், ஆரோகணம் முடிஞ்சு. டீச்சருக்கு இத வாசிச்சுக் காட்டுங்க, ஆனா மரியாதையா.

கேள்வி: இப்பிடி ஒரு விழாவ மட்டக்களப்பில நடத்தலாமா டீச்சர்? நாங்க அஞ்சாறு பேர் ரெடி.
(கல்லடி, இளைஞர் கழகம்)

பதில்: நடத்தலாம், ஆனா நீங்க அனுப்பின திட்டத்தில முதல் பக்கமே மேடை, சவுண்ட், எல்ஈடி திரை, கொழும்பில இருந்து பாண்ட். கடைசிப் பக்கத்தில ஒரு வரி, “பயிற்சிப் பட்டறை, நேரம் இருந்தால்”. தலைகீழாத் திருப்புங்க. மேடைய வெட்டினாலும் விழா நடக்கும், வகுப்ப வெட்டினா அது இன்னொரு மியூசிக்கல் ஷோதான், அது நம்மட ஊர்ல மாசத்துக்கு ஒண்டு நடக்குது.

முதல் விழாவுக்கு ஒரு பள்ளிக்கூடம் காணும். மூணு வகுப்பறை, ஒரு ஹோல். ஒரு வகுப்புக்கு 20 பேருக்கு மேல ஏத்தாதீங்க, முன்னுக்கு நிக்கிற ஆள் எல்லார்ட விரலையும் போய்ப் பார்க்க ஏலணும். வாத்தியம் இல்லாத புள்ளயளுக்கு இரவல் குடுக்கப் பத்துப் பதினஞ்சு யுகுலேலே சேருங்க, வெளிநாட்டுச் சொந்தக்காரரிட்ட ஐபோன் கேக்கிற வாயால ஒரு யுகுலேலே கேளுங்க. முதல் நாள் புதுசா வாற ஆக்கள்ற வகுப்புக்குக் காசு வாங்கவேணாம். கலைஞர் கூப்பிடுறதெண்டா பேசைக்குள்ளயே சொல்லிருங்க, பகல் ரெண்டு வகுப்பு, ராவைக்கு அரை மணித்தியாலம் மேடை, ரெண்டுக்கும் சேர்த்துத்தான் காசு எண்டு. வகுப்பெடுக்க ஏலா எண்டு சொல்றவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் விடுங்க.

கல்லடிக் கடற்கரையில வைப்பம் எண்டு எழுதியிருக்கீங்க. படம் வடிவா வரும்தான், ஆனா யுகுலேலேட சத்தம் சின்னது, அலையும் காத்தும் விழுங்கிரும், ஆவணி கச்சான் காத்தில தாள் ஒண்டும் நிக்காது. பின்னேரம் கடைசியா எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறத மட்டும் அங்க வையுங்க. மாரி மாசங்கள விட்டுருங்க. திகதிதான் உங்களுக்குப் பெரிய தலையிடி. வெள்ளிக்கிழமை எண்டா காத்தான்குடி, ஏறாவூர்ப் புள்ளயளுக்கு ஜும்மா, சனிக்கிழமை முழுக்க ரியூசன், ஞாயிறு காலையில கோயில் அறநெறியும் சேர்ச்சும். ஓகஸ்ட் லீவில ஒரு நாள் பாருங்க, ஆனா மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவில போய் மோதாதீங்க, ஒரு குருவியும் வராது.

என்ன வாசிக்கிறது எண்டும் கேட்டிருக்கீங்க. ஹவாய்ப் பாட்டு ரெண்டு இருக்கட்டும், அதுக்கு மேல வேணாம். நம்மட ஊஞ்சல் பாட்டு, வசந்தன் பாட்டு, பறங்கி ஆக்கள்ற பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, இதுக்கெல்லாம் மூணு நாலு கோர்ட் காணும். டவுன் தாத்தாவ மேல பார்த்தீங்கதானே, அவரப் போய்ப் பாருங்க முதல்ல.

கேள்வி: யூடியூப் பார்த்துப் பழகினாக் காணாதா?
(அக்கரைப்பற்று)

பதில்: தொடங்கக் காணும். உங்கட பெருவிரல் பின்னால எங்க நிக்குது எண்டு யூடியூப் பார்க்காது.

கேள்வி: டீச்சர் எனக்கு சி, எஃப், ஜி செவன் மூணும்தான் தெரியும். ஒளி விழாவுக்கு (பள்ளிக்கூட நத்தார் விழா) தனியாப் பாடி வாசிக்க பேர் குடுத்துட்டன், இப்ப பயமா இருக்கு. பேர வெட்டச் சொல்லவா?
(களுவாஞ்சிகுடி, 9ம் ஆண்டு)

பதில்: வெட்டாதீங்க. அந்த மூணு கோர்ட்டுக்குள்ள கரோல் பாட்டில பாதி அடங்கும். முதல்ல உங்கட குரலுக்கு அந்தச் சுருதி சரியா எண்டு பாருங்க, மேல எட்டல்ல எண்டா இன்னொரு பாட்ட எடுங்க, கோர்ட்ட மாத்தப் போகாதீங்க, நேரம் இல்ல. ஜி செவன்ல இருந்து சி கோர்ட்டுக்கு வாறதுதான் உங்களுக்குச் சிக்குது எண்டு நினைக்கிறன், எல்லாருக்கும் அதுதான், அத மட்டும் பாட்டில்லாம ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம் மாத்தி மாத்தி வாசிங்க. மார்கழி மழையில சுருதி மாறிக்கொண்டே இருக்கும், அதால வீட்ட சேர்த்தது காணும் எண்டு இருந்துராதீங்க, மேடைக்குப் பின்னால நிண்டு ஏறுறதுக்குக் கொஞ்சம் முந்தி இன்னொருக்கா சேருங்க. பள்ளிக்கூடத்தில ரெண்டு மைக் தருவாங்க எண்டு நம்பாதீங்க. ஒண்டுதான் எண்டா ஸ்டாண்ட நெஞ்சு மட்டத்துக்கு இறக்கி, யுகுலேலேய கொஞ்சம் உயத்திப் பிடிச்சுப் பாடுங்க, ரெண்டும் கேக்கும். ஸ்டாண்ட் இறுக்கிற திருகாணி அநேகமா வழுவிப்போய்த்தான் இருக்கும், காலையிலயே போய்ப் பார்த்து ஒரு இன்சுலேசன் டேப் சுத்தி வச்சிருங்க.